பல் தேய்க்காமல் குடித்த காப்பி

எங்கள் வீட்டில் பல் தேய்க்காமல் யாருக்கும் காப்பி கிடையாது. காய்ச்சலில் படுத்திருந்தாலும் சரி, விடியற்காலை பஸ்ஸுக்குக் கிளம்பினாலும் சரி. முதலில் பல், பிறகு நாக்கு, அதற்கப்புறம்தான் டம்ளர். நாக்கு வழிக்க வெள்ளியில் வளைந்த தகடு ஒன்று என் கல்யாணச் சீரோடு வந்தது. குளியலறை ஆணியில் தொங்கும். என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீஸில் பத்துப் பேரை விரட்டி வேலை வாங்குகிறவர். அவரே ஒருநாள் நாக்கு வழிக்காமல் வந்து உட்கார்ந்தார் என்று, கையில் கொடுத்த காப்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனவள் நான்.

பாளையங்கோட்டையில் ஓர் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். திங்கட்கிழமை காலையில் பிரேயர் முடிந்ததும் என் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நிற்க வேண்டும். நகம் பார்ப்பேன், பல் பார்ப்பேன், நாக்கை நீட்டச் சொல்லுவேன். வெள்ளையாகப் படிந்திருந்தால் குழாயடிக்குப் போய்விட்டுத்தான் வகுப்புக்குள் வரவேண்டும். 'நாக்கு டீச்சர்' என்று எனக்குப் பட்டப்பெயர் இருந்தது தெரியும். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

என் மகள் அதே வகுப்பில்தான் படித்தாள். எட்டு வயது, ஒரே பிள்ளை. பள்ளிக்கூடத்துக்குள் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும், வாசல் தாண்டினால் அம்மா. ஒருநாள்கூட மாற்றிக் கூப்பிட்டதில்லை. திங்கட்கிழமை வரிசையில் முதல் ஆளாக நின்று, நாக்கைத் தாடை வரைக்கும் நீட்டிக் காட்டுவாள். ரோஜாப்பூ நிறத்தில் இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை மாதம். பொங்கல் கழிந்த வாரம், பல் தேய்க்கும்போது அவள் துப்பிய நுரை சிவப்பாக இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "பாத்திரம் விளக்குத மாதிரி தேய்ச்சா ரத்தம் வராம என்ன செய்யும்? பையத் தேயி" என்று திட்டினேன். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னேன். மறுநாளும் வந்தது. அதற்கப்புறம் தொடையில் நீலத் திட்டுகள், விட்டுவிட்டுக் காய்ச்சல். எங்கள் குழந்தை டாக்டர் இரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வந்த அன்று என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. இரத்தப் புற்றுநோய்.

திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தோம். ஒன்றரை மாதம் அங்கேதான் இருந்தோம். தலைமுடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது. அதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "இனி பேன் பாக்க வேண்டாம்லா உனக்கு" என்றாள். நான் சிரித்துவிட்டு, பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

வீட்டுக்கு அனுப்பும் முன்பு அங்கிருந்த மலையாள நர்ஸ் எங்களை உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். இந்த மருந்து உடம்பில் ஏறினால் ஒரு வாரத்தில் வாய் வெந்துபோகும். புண் வரும், வெள்ளையாகப் படியும். பிரஷ் தொடக் கூடாது. விரலில் பஞ்சைச் சுற்றி, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் நனைத்து, சாப்பிடும் முன்னும் பின்னும் ஒற்றி எடுக்க வேண்டும். படிந்திருப்பதை உரிக்கக் கூடாது, வழிக்கக் கூடாது, அது மருந்தில் தானாகப் போகும். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் வெள்ளைத்தாளில் எண் போட்டு எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அதைப் பீரோக் கதவில் ஒட்டினார். ஆறாவது வரி, 'நாக்கு வழிக்கக் கூடாது.' நான் படித்தேன். ஒன்றுக்கு நாலு தடவை படித்தேன். எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை.

ஆனால் மனது ஒப்பவில்லை. பல் தேய்க்காதே என்று சொல்லும் ஆஸ்பத்திரியை வாழ்க்கையில் அங்கேதான் பார்த்தேன். அந்த ஊர்க்காரர்களுக்கு என்ன தெரியும் என்று உள்ளுக்குள் ஒரு திமிர்.

நர்ஸ் சொன்னபடியே எட்டாம் நாள் வாய் வெந்தது. உதட்டின் உள்பக்கம், கன்னம், நாக்கின் ஓரம் எங்கும் புண். எச்சில் விழுங்க முடியாமல் ஒரு கிண்ணத்தில் துப்பிக்கொண்டிருந்தாள். மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து வடிகட்டிக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீரோடு தலையை ஆட்டினாள். ஜென்ஷன் வயலட் தடவி உதடெல்லாம் ஊதாவாகக் கிடந்தது. அதற்கும் மேலே நாக்கில் தயிர் உறைந்த மாதிரி வெள்ளை தடித்து ஏறியது. நாற்றம் வந்தது. என் பிள்ளையின் வாயில் நாற்றம். அறைக்குள் நுழைந்தாலே தெரிந்தது. ஜன்னலைத் திறந்து வைத்தேன், ஊதுவத்தி கொளுத்தினேன், ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரத்திலிருந்து மதினி வந்தாள். மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. வாய் ஓயாமல் பேசுகிறவள், மனதில் ஒன்றும் கிடையாது. பிள்ளைக்கு அவள் அத்தை என்றால் உயிர். தூக்குச் சட்டி நிறையக் கைமுறுக்கு சுட்டுக்கொண்டு வந்திருந்தாள். எப்போது வந்தாலும் அப்படித்தான் வருவாள்.

"இப்ப இதைத் திங்கக் கூடாதாமே. பரவாயில்லட்டி, பக்கத்துல வச்சுக்கோ. வாய் ஆறுனதும் ஒண்ணொண்ணாத் தின்னு" என்று கட்டில் பக்கத்தில் வைத்தாள். பிள்ளை சட்டியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடினாள். அவ்வளவுதான்.

மதினி குனிந்து முத்தம் கொடுக்கப் போனாள். முகத்தை ஒரு நொடி பின்னால் இழுத்துக்கொண்டு, பிறகு நெற்றியில் கொடுத்தாள். அந்த ஒரு நொடியை நான் பார்த்தேன். அடுப்படிக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏளா, பிள்ளைக்கு வாய் இப்படி நாறுதே. நீயா இப்படி விட்டுருக்கே?" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை, வருத்தத்தில்தான் சொன்னாள். எனக்கோ உச்சந்தலையில் அடித்த மாதிரி இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் நாக்கையெல்லாம் பார்க்கிறவள் வீட்டில், சொந்தப் பிள்ளையின் வாய் நாறுகிறது.

மதினி சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டாள். மறுநாள் திங்கட்கிழமை. என் வீட்டுக்காரர் ஆபீஸுக்குக் கிளம்பிப் போனதும், ஆணியில் தொங்கிய வெள்ளித் தகட்டை எடுத்தேன். வெந்நீரில் கொதிக்க வைத்தேன். சுத்தமாகச் செய்கிறேன் என்று நினைப்பு. கட்டிலில் உட்கார்ந்து அவளை மடியில் சாய்த்துக்கொண்டேன்.

"ஆ காட்டு. நாக்கை நீட்டு."

அவள் தகட்டைப் பார்த்தாள். பீரோக் கதவைப் பார்த்தாள். "அம்மா, அப்பா எழுதி ஒட்டியிருக்காவ" என்றாள்.

"அது முரட்டுத்தனமா செய்யுதவங்களுக்கு. அம்மா பையத்தான் வழிப்பேன். நீட்டு."

நீட்டினாள். வரிசையில் நிற்கிற மாதிரி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, முடிந்த மட்டும் நீட்டினாள்.

ஒரு தடவை வழித்தேன். வெள்ளை ஏடாக வந்தது. அடியில் சிவப்பாகத் தெரிந்ததும் எனக்கு ஒரு திருப்தி, பாவி, எனக்கு ஒரு திருப்தி வந்தது. இரண்டாம் தடவை வழித்தேன். தகட்டில் இரத்தம். பிறகு உதட்டோரம், பிறகு என் சேலை. பஞ்சை வைத்து அழுத்தினேன். பஞ்சு நனைந்தது. வேறு பஞ்சு. அதுவும் நனைந்தது. அவள் கத்தவில்லை. தொண்டைக்குள் 'ம்… ம்…' என்று சத்தம் மட்டும். இரத்தம் நிற்பதற்கு மத்தியானம் ஆகிவிட்டது. சேலையைத் துவைத்துக் காயப் போட்டேன். தகட்டைக் கழுவி ஆணியில் மாட்டினேன். சாயங்காலம் அவள் அப்பா வந்தபோது பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்றேன்.

மறுநாள் காலையில் உடம்பு அனலாகக் கொதித்தது. பல் கிட்டும்படி நடுக்கம். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு எங்கள் குழந்தை டாக்டரின் ஆஸ்பத்திரிக்குப் போனோம். திருவனந்தபுரம் வரைக்கும் தாங்காது என்று அவர் பார்த்ததுமே சொல்லிவிட்டார். ஊசி ஏற்றிவிட்டு, டார்ச் அடித்து வாயைப் பார்த்தார்.

"நாக்குல ரத்தம் கட்டியிருக்கே. காயம் எப்படி ஆச்சு? எதையாவது கடிச்சாளா? யாராவது வாயில கை வச்சியளா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். என் வாய் திறக்கவில்லை.

கட்டிலிலிருந்து சின்னக் குரல் கேட்டது. "முறுக்கு."

"என்னது?"

"அத்தை முறுக்கு. நான்தான் எடுத்துத் தின்னேன். குத்திட்டு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் என்னை டீச்சர் என்று கூப்பிடும்போது பார்ப்பாளே, 'நான் சரியாத்தானே சொல்லுதேன்' என்கிற மாதிரி, அதே பார்வை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். எட்டு வயதுப் பிள்ளை எனக்காகப் பொய் சொன்னாள். நான் அதை வாங்கிக்கொண்டேன்.

டாக்டர் எங்களை வராண்டாவுக்குக் கூட்டிவந்து சொன்னார். "கிருமி வெளியில இருந்து வரலை. உங்க வாயில, என் வாயில, எல்லார் வாயிலயும் இருக்கதுதான். தோல் முழுசா இருக்க வரைக்கும் அது பாட்டுக்குக் கிடக்கும். கீறல் விழுந்தா ரத்தத்துக்குள்ள போயிரும். நமக்குன்னா உடம்பே அடிச்சுப் போட்டுரும். இவளுக்கு அடிக்க ஆள் இல்லை, மருந்து எல்லாத்தையும் அழிச்சிருக்கு. ரத்தம் உறையவும் மாட்டேங்கு. புது ரத்தம் வேணும். சொந்தக்காரங்களை வரச் சொல்லுங்க."

எதிரே எஸ்.டி.டி. பூத் இருந்தது. என் வீட்டுக்காரர் அம்பாசமுத்திரத்தில் மதினி வீட்டுக்குப் பக்கத்து மளிகைக்கடைக்கு போன் போட்டு அவளைப் பேசக் கூப்பிடச் சொன்னார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான் நின்றேன். கதவு சாத்தியிருந்தும் எல்லாம் கேட்டது. "உனக்கு அறிவு இருக்காக்கா? முறுக்கைக் கொண்டாந்து பிள்ளை பக்கத்துல வைக்கியே, நீயெல்லாம் ஒரு அத்தையா? என் பிள்ளையக் கொன்னுட்டியே." அக்காவை எதிர்த்து ஒரு சொல் பேசியறியாத மனிதர். கதவைத் தள்ளித் திறந்து, அது நான்தான் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். என் கை கதவுப் பிடியில்தான் இருந்தது. சொல்லவில்லை.

மதினி மத்தியானத்துக்குள் வந்துவிட்டாள். செருப்புகூடப் போடாமல் வந்திருந்தாள். அவள் இரத்தம் பிள்ளைக்குச் சேரும் என்று தெரிந்ததும் கையை நீட்டிப் படுத்துக்கொண்டாள். பாட்டிலில் இரத்தம் இறங்க இறங்க, "நாந்தான் கூறுகெட்டுப் போயி முறுக்கைக் கொண்டாந்தேன். எடுங்க, எம்புட்டு வேணும்னாலும் எடுங்க" என்று புலம்பினாள். நான் அவள் நெற்றியில் வியர்வையைத் துடைத்துவிட்டேன். அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பு.

புதன்கிழமை காலையிலும் காய்ச்சல் இறங்கவில்லை. டாக்டர் யோசித்தார். "முறுக்குத் துண்டு ஏதாவது உள்ள செருகி நிக்குதா தெரியலை. நின்னா அங்கன சீழ் வைக்கும். எதுக்கும் இன்னொரு தடவை பாத்துருதேன்" என்றார். நர்ஸ் தலையைப் பிடித்துக்கொண்டாள். மரச்சீவலால் நாக்கை ஒதுக்கி, கன்னத்தை இழுத்து, ஒவ்வொரு புண்ணாகப் பார்த்தார். எவ்வளவு பதமாகச் செய்தும் புண் திரும்ப இரத்தம் விட்டது. பிள்ளையின் கால் இரண்டும் மெத்தையில் உதைத்தன. ஒன்றும் அகப்படவில்லை. எப்படி அகப்படும்? இல்லாத முறுக்கு. அவள் சொல்லியிருக்கலாம். 'முறுக்கு இல்லை, அம்மாதான்' என்று ஒரு சொல் போதும், விட்டிருப்பார்கள். அவள் சொல்லவில்லை.

"இந்தப் பக்கமும் பாத்துருவோம்" என்று டாக்டர் டார்ச்சை மாற்றிப் பிடித்தார்.

"முறுக்கு இல்லை டாக்டர்" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. "நான்தான் நாக்கு வழிச்சேன். வெள்ளித் தகட்டை வச்சு. திங்கக்கிழமை. ரெண்டு தடவை."

டாக்டர் டார்ச்சை அணைத்தார். என்னைத் திட்டவில்லை. "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நர்ஸிடம் தலையை விடச் சொன்னார். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்து நின்றார். அந்த முதுகு இரண்டு நாளைக்கு என் பக்கம் திரும்பவில்லை. மதினி, முந்தின நாள் பஞ்சு கையில் ஒட்டியபடி வாசலில் நின்றவள், மெதுவாக உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிள்ளையின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துத் தடவிக் கொடுத்தாள். "எனக்கு நல்லா வேணும். நாறுதுன்னு நாந்தானே சொன்னேன்" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிள்ளை அழுதாள். அந்த மூன்று நாளில் அவள் சத்தமாக அழுதது அப்போதுதான். "நான் சொல்லலைல்லாம்மா. நீ ஏன் சொன்னே? அப்பா ஏசுவாவல்லா" என்றாள். ஊதா உதட்டோடு, பாதிச் சொல் எச்சிலில் கரைந்து போக, அப்படித்தான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையில் காய்ச்சல் இறங்கியிருந்தது. எனக்கு நம்பிக்கை வந்தது. கை கால் சில்லிட்டிருந்ததைக் மேலே சுற்றிய காற்றாடியின் காற்று என்று நினைத்தேன். டாக்டர் நாடியைப் பார்த்துவிட்டு, "பிள்ளை கேக்கதைக் கொடுங்க" என்றார். அதன் அர்த்தத்தை நான் விளங்கிக்கொள்ள மறுத்தேன்.

"என்ன வேணும்?" என்றேன்.

"காப்பி" என்றாள்.

அவளுக்கு வீட்டில் ஹார்லிக்ஸ்தான். காப்பி பெரியவர்களுக்கு என்று வைத்திருந்தேன், அதுவும் என் சட்டம். மதினி ஓடிப்போய் கேண்டீனில் வாங்கி வந்தாள். ஆற்றி ஆற்றி, சூடு போக்கி, கரண்டியில் எடுத்து உதட்டருகே கொண்டுபோனேன். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"வலிக்கா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "இன்னும் பல் தேய்க்கலையே" என்றாள்.

"பரவாயில்லட்டி. இன்னைக்குத் தேய்க்க வேண்டாம். குடி" என்றேன். நம்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சோதிக்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ. "டீச்சர் சொல்லுதேன், குடி" என்றேன். அதற்கும் வாய் திறக்கவில்லை. தொண்டை வறண்டு நாக்கு உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது, தாகம் கண்ணில் தெரிந்தது, ஆனால் வாய் திறக்கவில்லை.

முந்தின நாளிலிருந்து நானும் அந்த அறையை விட்டு நகரவில்லை. அன்றைக்கு என் வாயும் எழுந்தபடியே, பல் தேய்க்காமல்தான் இருந்தது. அவள் பார்க்கும்படி டம்ளரை எடுத்து ஒரு மடக்குக் குடித்தேன். வாழ்க்கையில் முதல் தடவை.

"பாரு, நானும் தேய்க்கலை" என்றேன். நாக்கை நீட்டிக் காட்டினேன். தாடை வரைக்கும் நீட்டினேன்.

அவள் என் நாக்கைப் பார்த்தாள். "வெள்ளையா இருக்கு" என்றாள். உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. சிரிப்புத்தான், எனக்குத் தெரியும்.

பிறகு வாயைத் திறந்தாள். இரண்டு கரண்டி இறங்கியது. மூன்றாவது கரண்டிக்கு வாய் திறந்தே இருந்தது. காப்பி உதட்டோரமாக வழிந்து கழுத்துக்குப் போனது. நான் துடைத்துவிட்டு இன்னொரு கரண்டி எடுத்தேன். மதினிதான் என் கையைப் பிடித்து டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.